கறுப்புக் கூடாரங்களின் நாட்டில்

லடாக்கில் மழை மிகக் குறைவு. லே நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்து அளந்தாலும் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான் தேறும். சென்னையில் ஐப்பசி அடைமழையின்போது ஒரே நாளில் அவ்வளவு பெய்துவிடுவது உண்டு. அத்தகைய வறண்ட நாட்டில், வானம் தெளிந்திருந்த ஓர் இரவில், கூடாரத்துக்குள் உறங்கிய ஒருவர் விடியற்காலையில் போர்வை நனைந்து, கூரையிலிருந்து நீர் முகத்தில் சொட்ட விழித்தெழுகிறார் என்றால் நம்புவது கடினம். ஆயினும் அங்கே செல்லும் பலர் கண்ட அனுபவம் இது. சொட்டிய நீர் வானத்து நீர் அன்று. உறங்கியவரின் மூச்சிலிருந்தும் மேனியிலிருந்தும் வெளிப்பட்ட நீர்.

வடக்கே வாழும் நம்மவர்களில் பலர் இப்பொழுது பள்ளி விடுமுறைகளில் மலைநாடுகளுக்குச் சென்று கூடாரம் அடித்துத் தங்குகின்றனர். கடைகளில் விற்கும் நல்ல கூடாரங்களின் விலையைக் கண்டு மலைத்து, வீட்டிலேயே தைத்துக்கொள்ள முற்படுகிறவர்களும் உளர். தையல் யந்திரம் இல்லாத தமிழ் வீடு அரிது. ஆதலின் தைப்பது பெரிய காரியம் அன்று. எந்தத் துணியில் தைப்பது என்பதே கேள்வி. 2023 செப்டம்பரில் நாங்கள் இரு குடும்பமாக லடாக்கின் கிழக்கே உள்ள கோர்சோக்கிற்குச் சென்று, நாங்களே தைத்த கூடாரத்தில் மூன்று இரவுகள் தங்கினோம். அப்பயணத்தைப் பற்றியும் துணியைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல இயலாது.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னரே ஆயத்தங்கள் தொடங்கின. எங்கள் குடியிருப்பில் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். படையின் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். லடாக்கில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தவர். அவரிடம் யோசனை கேட்கப் போனோம். மழை புகாத துணியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று என் மைத்துனர் கேட்டதும் அவர் சிரித்தார்.

“தம்பி, வெளியே பெய்கிற மழை அங்கே கொஞ்சம்தான். உள்ளே பெய்கிற மழைக்கு முதலில் வழி செய்யுங்கள்” என்றார்.

“உள்ளே எப்படி ஐயா மழை பெய்யும்?”

“உங்கள் அக்காவைக் கேளுங்கள். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தால் என்ன நடக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.”

இதைவிடத் தெளிவாக எந்த விஞ்ஞான நூலும் சொல்லியிருக்க முடியாது. கொப்பரையின் மூடி நீராவியை வெளியே விடாது. ஆவி மூடியின் உட்புறத்தில் பட்டுக் குளிர்ந்து நீராகிச் சொட்டும். தட்டில் விரிக்கும் இட்லித் துணியோ மாவைத் தாங்கிக்கொண்டே ஆவியை மேலே போகவிடுகிறது. நெகிழிப் பூச்சுள்ள கூடாரம் மூடியைப் போன்றது. நல்ல நெருக்கமாக நெய்த பருத்தி, இட்லித் துணியைப் போன்றது. நீரைத் தடுத்து ஆவியை விடும் துணி எதுவோ அதுவே நாம் தேட வேண்டிய துணி. இக்கட்டுரையில் அதனை ‘ஆவி போகும் துணி’ என்றே குறிப்பிடுகிறேன்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். காற்று ஓரளவு நீராவியைத்தான் தாங்கும். வெப்பம் குறையக் குறைய அந்த அளவும் குறையும். 20 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைக் கொள்ளும். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று மேல். 0 பாகையில் 5 கிராம்கூட இல்லை. உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 30 முதல் 40 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகிறார். நால்வர் படுக்கும் கூடாரத்தில் 5 கன மீட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். உள்ளே 10 பாகை இருந்தால் அக்காற்று 50 கிராமுக்கும் குறைவாகவே தாங்கும். நால்வரும் அரை மணி நேரத்தில் அதனை நிரப்பிவிடுவர்! எஞ்சிய இரவு முழுவதும் வெளிப்படுவது எங்கே போகும்? குளிர்ந்த கூரையில் படியும். மேலும், தெளிந்த வானத்தின் கீழே கூரைத் துணி தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்துவிடுகிறது. நால்வர் ஓர் இரவில் வெளியிடும் நீர் ஒரு லிட்டர் அளவுக்கும் வரும். அது ரஜாயில் இறங்கினால் பஞ்சு கட்டிபட்டுச் சூடு காக்கும் தன்மையை இழக்கும். உறைநிலைக் குளிரில், அருகில் மருத்துவமனை இல்லாத இடத்தில், பதினொரு வயதுப் பையன் ஈரப் போர்வையில் படுத்திருப்பது விளையாட்டன்று.

இனி, துணி தேடிய கதை. சதர் பஜாரிலும் சாந்தினி சௌக்கின் துணிக் கடைகளிலும் நான்கு சனிக்கிழமைகள் அலைந்தோம். ‘வாட்டர் புரூஃப்’ என்று சொன்னால் கடைக்காரர் எடுத்துப் போடுவதெல்லாம் பூச்சு கொடுத்த நைலானும் பாலியெஸ்டருமே. இலேசானவை; மழைக்கு உகந்தவை; ஆனால் நீரை உள்ளே விடாத அப்பூச்சு நீராவியை வெளியே விடுவதும் இல்லை. 2020இல் தொற்றுக் காலத்தில் மருத்துவமனைகளில் பணியாற்றியவர்கள் அணிந்த முழு உடல் கவச உடையை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். என் மைத்துனரின் மனைவி செவிலியர். ஆறு மணி நேரம் அவ்வுடைக்குள் இருந்துவிட்டுக் கழற்றும்போது உள்ளாடை பிழியத்தக்க அளவில் நனைந்திருக்கும் என்பார். “கிருமி உள்ளே வராது அண்ணா, சரி. வியர்வை வெளியே போகாதே!” என்று அவர் சொன்னதைக் கேட்டபின் அந்த வகைத் துணியை உட்கூடாரத்துக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

இரண்டையும் ஒருங்கே செய்யும் புதுமைத் துணிகள் இல்லாமல் இல்லை. 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர், சூடாக்கிய ஒருவகை நெகிழித் தண்டினைச் சட்டென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த பொருளாக நீண்டது. அவ்வாறு உண்டாகும் மெல்லிய படலத்தின் துளைகளில் நீர்த்துளி புகாது, நீராவி புகும். இதைத் துணியோடு ஒட்டியதே ‘கோர்டெக்ஸ்’. மலையேறுவோரின் மேற்சட்டைகளில் இதனைக் காணலாம். வீட்டில் கூடாரம் தைப்பவர்க்கு இதில் இரண்டு இடையூறுகள். விலை மிகுதி என்பது ஒன்று. தைத்த ஊசித் துளைகளின்மீதெல்லாம் தனி நாடாவைச் சூடு வைத்து ஒட்ட வேண்டும் என்பது மற்றொன்று. வேறொரு செய்தியும் உண்டு. உள்ளே ஆவி மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி அத்துளைகள் வழியே வெளியேறும். கடுங்குளிரில் வெளியேறும் ஆவி படலத்திலேயே உறைந்துவிடுவதும் உண்டு.

‘டைவெக்’ என்பது மற்றொன்று. 1955இல் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. நெய்யாமல், நுண்ணிழைகளை அழுத்தி ஒட்டவைத்துச் செய்வது. கிழிக்க முடியாத வெள்ளை அஞ்சல் உறைகளில் சில இதனால் ஆனவை. தொட்டால் காகிதம்போல் இருக்கும். ஆவி போகும், நீர் எளிதில் புகாது, இலேசானது. காற்றில் சலசலவென்று ஓசையிடும். சலவை யந்திரத்தில் சோப்பின்றி இரண்டு முறை அலசினால் ஓசை அடங்கும். தனியாகச் செல்லும் இளைஞர்கள் படுக்கை உறையாகத் தைத்துக்கொள்ள இது ஏற்றது. வெயிலில் நெடுநாள் கிடந்தால் நலியும்.

பருத்திக்குத்தான் கடைசியில் வந்தோம். பருத்தி இழை நனைந்தால் பருக்கும். நெருக்கமாக நெய்திருந்தால் இழைகள் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது, குளிர்ந்த கடலில் விழும் விமானிகளைக் காப்பதற்காக மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வு நிலையத்தில் ‘வென்டைல்’ என்னும் துணியை உருவாக்கியது இத்தன்மையை நம்பித்தான். நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தது அது. பூச்சு எதுவும் இல்லாமலே நீரைத் தடுத்தது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரும் பருத்தியும் நைலானும் கலந்து நெய்த கூடாரத் துணியையே கொண்டுசென்றனர். இவ்விடத்தில் ஓர் எண்ணம் எழுகிறது. உலகின் மிக நீண்ட இழைப் பருத்திகளுள் ஒன்றாகிய சுவின், கோயம்புத்தூர் ஆய்வு நிலையத்தில் உருவாகி 1974இல் வெளியானது. சுஜாதா என்ற இரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற இரகத்தையும் கலந்து பெற்றமையால் அப்பெயர். மேனாட்டார் மெச்சும் மென்சட்டைகளுக்கு அது போகிறது. கூடாரத்துக்கும் நம் ஊர் நெசவாளர் அதனை நெய்து தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆசைக்கு எல்லை இல்லை. கடையில் கிடைத்ததையே வாங்கினோம். வாங்குமுன் மாதிரித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்தோம். இச்சோதனைகளுக்கு எவர்சில்வர் டம்ளர்களும் அடுக்களைத் தராசும் போதும். ஒரே அளவான டம்ளர்களில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துணியை இழுத்துக் கட்டி, எடை போட்டு, இரவு முழுவதும் மின்விசிறியின் கீழ் வைக்க வேண்டும். ஒரு டம்ளரைத் திறந்தே வைக்க வேண்டும். காலையில் மறுபடி எடை போட்டால், எந்தத் துணி எவ்வளவு ஆவியை விட்டது என்பது கிராம் கணக்கில் தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் பெரும்பாலும் இதுவே. அங்கே கருவிகள் நுட்பமானவை, அவ்வளவுதான். எங்கள் சோதனையில் மெல்லிய கேம்பிரிக் பருத்தி, திறந்த டம்ளருக்குச் சற்றே பின்தங்கி நின்றது. டைவெக் அடுத்தபடி. பூச்சு நைலான் கட்டிய டம்ளரில் எடை குறையவே இல்லை. துணியின் அடிப்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

வாயை வைத்து ஊதிப் பார்ப்பதும் ஒரு சோதனை. ஆனால் அது வேறொன்றைக் காட்டுவது. ஊதினால் காற்று தாராளமாகப் போகும் துணி, மலைக்காற்றையும் தாராளமாக உள்ளே விடும். ஆவி போக வேண்டும், காற்று வீசி நுழையக் கூடாது. அதுவே வேண்டிய குணம். கொசுவலைத் துணியும் காடாத் துணியும் இங்கே தோற்றுவிடுகின்றன. நெருக்கமான கேம்பிரிக், பாப்ளின், பூச்சில்லாத பாரசூட் நைலான் ஆகியவை தேறுகின்றன. மூன்றாவது சோதனை நீருக்கு. டம்ளரின் வாயில் துணியைப் பள்ளமாகத் தொங்கவிட்டுக் கட்டி, பள்ளத்தில் நீர் ஊற்றி, எப்பொழுது சொட்டுகிறது என்று பார்ப்பது. பருத்தி இதில் முதலிடம் பெறாது. ஆகவேதான் ஒரே துணியில் இரண்டு வேலையையும் வாங்குவதை விட்டுவிட்டு, இரண்டு அடுக்காகத் தைத்தோம்.

உட்கூடாரம் கேம்பிரிக் பருத்தி. ஒரு சதுர மீட்டர் 100 கிராம் எடையுள்ளது. கடையில் ‘100 ஜி.எஸ்.எம்.’ என்று கேட்க வேண்டும். அதன் மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, பூச்சுள்ள நைலான் மேற்கூரை. தரைக்குத் தடித்த தார்ப்பாய். அதன் ஓரம் நான்கு விரற்கடை மேலே மடிந்து நிற்கும். உள்ளே எழும் ஆவி பருத்தியைக் கடந்து மேற்கூரையில் படிந்து, அதன் சரிவில் வழிந்து வெளியே போய்விடும். சொட்டினாலும் பருத்திமீதுதான் சொட்டும். கூரையின் உச்சியில் இரு புறமும் முழங்கை நீளம் திறப்பு வைத்து, கரூரிலிருந்து மாமியார் கொண்டுவந்த கொசுவலைத் துணியால் அவற்றை மூடினோம். மேற்கூரையின் விளிம்பு தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கும்படி வெட்டினோம். கீழே நுழையும் குளிர்ந்த காற்று ஆவியைத் தள்ளிக்கொண்டு உச்சித் திறப்பின் வழியே வெளியேற வேண்டும் அல்லவா? தையலை இரட்டை மடிப்பாக, பருத்தி நூலில் போட்டோம். நூலும் நனைந்தால் பருத்து ஊசித் துளையை அடைக்கும். புதுப் பருத்திக் கூடாரத்தை இரண்டு முறை நனைத்து, கட்டிய நிலையிலேயே உலர்த்திய பின்னரே வெளியூர் கொண்டுபோக வேண்டும் என்று பெரியவர் சொன்னார். மாடியில் அப்படியே செய்தோம். குடியிருப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அன்று மாடியில்தான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் விமானத்தில் லே சேர்ந்தோம். லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். மூன்று நாட்கள் அங்கே தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, நான்காம் நாள் காலை வண்டியில் கிளம்பினோம். கோர்சோக் 220 கிலோமீட்டர் தொலைவு. காரு, உப்ஷி வழியாகச் சாலை சிந்து நதியை விட்டு விலகாமலே செல்கிறது. இருமருங்கும் மலைகள் செம்மண் நிறம், ஊதா, சாம்பல் என்று மாறி மாறி வருகின்றன. பச்சை என்பது ஆற்றோரம் ஒரு கோடு மட்டுமே. சுமதாங் என்னுமிடத்தில் ஆற்றங்கரையிலேயே வெந்நீர் ஊற்றுக்கள் கொப்புளிக்கின்றன. அங்கே இறங்கி எலுமிச்சைச் சாதத்தை முடித்தோம். மாஹே பாலத்தில் சிந்துவைக் கடந்து தெற்கே திரும்பினால் சும்தோ. அதன் பிறகு மேய்ச்சல் நிலமும் காட்டுக் கழுதைகளும்.

சோ மொரிரி ஏரி கண்ணில் பட்ட கணத்தில் வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. நீலம் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்நிறத்தை எவ்வாறு சொல்வது? 4,500 மீட்டர் உயரத்தில், வரித்தலை வாத்துக்கள் குஞ்சு பொரிக்கும் ஏரி அது; 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கரையை ஒட்டிக் கூடாரம் அடிப்பது முறையன்று. ஊராரைக் கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில், கோர்சோக்கிற்கு மேலே உள்ள கோர்சோக் பூ என்னும் மேய்ச்சல் வெளியில் எங்கள் கூடாரத்தை அடித்தோம். நீரோடைக்கு அருகே சமதரை இருந்தும் வண்டியோட்டி விடவில்லை. மேட்டுக்கு அழைத்துச் சென்றார். 2010 ஆகஸ்ட் 6ஆம் நாள் பின்னிரவில் லேயைச் சூழ்ந்த பகுதிகளில் மேகவெடிப்பால் வந்த வெள்ளமும் சேறும் 200க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனதை அந்நாட்டார் எவரும் மறக்கவில்லை. மழை குறைந்த நாட்டில் ஓடைப் படுகை எப்பொழுதும் காய்ந்தே கிடக்கும் என்று எண்ணக் கூடாது.

அந்த வெளியில்தான் சாங்பா மக்களின் கறுப்புக் கூடாரங்களைக் கண்டோம். சாங்பாக்கள் யாக்குகளையும், பஷ்மினா தரும் ஆடுகளையும் மேய்த்துப் பருவத்துக்கொரு வெளியாக இடம் மாறுகிறவர்கள். அவர்களுடைய கூடாரத்துக்கு ரெபோ என்று பெயர். யாக்கின் நீண்ட முரட்டு மயிரைத் திரித்து, கைத்தறியில் குறுகலான பட்டைகளாக நெய்து, அப்பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துச் செய்வது. முல்லைப்பாட்டில் வரும் பாசறையில் கம்பம் நட்டுத் திரையால் வளைத்து அரசனுக்கு அறை அமைக்கும் காட்சியைப் படித்தவர்க்கு, கம்பமும் கயிறும் துணியுமாக நின்ற அவ்வீடுகள் முன்பே அறிமுகமானவை போலத் தோன்றும்.

முதியவர் ஒருவர் எங்களை உள்ளே அழைத்து உப்புத் தேநீர் கொடுத்தார். உள்ளே நுழைந்ததும் நான் அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுவதும் நட்சத்திரம் பூத்தாற்போல் ஊசிமுனை வெளிச்சங்கள்! நெசவு அத்தனை இளக்கமானது. உச்சியில் நீளவாக்கில் ஒரு முழ அகலம் துணியே இல்லை. அடுப்புப் புகை அதன் வழியே போகிறது. “மழை பெய்தால்?” என்று என் மகன் கேட்டான். வண்டியோட்டி மொழிபெயர்த்தார். முதியவர் தம் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து அழுத்திக் காட்டினார். மயிர் நனைந்தால் பருத்து நெருங்கும்; நீர் கயிற்றைத் தொடர்ந்து வழிந்து போகும். மயிரில் இயல்பாக உள்ள எண்ணெயும் ஆண்டுக்கணக்காகப் படிந்த புகையும் நீரை ஒட்டவிடுவதில்லை. உள்ளே கூரையைத் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. எட்டுப் பேர் படுக்கும் கூடாரம் அது. வெளியே உறைபனி விழும் நாட்டில், பூச்சும் படலமும் அறியாத மக்கள், ஆவியை வெளியே விட்டு நீரைத் தடுக்கும் துணியை எவ்வளவு காலமாக நெய்துவருகின்றனரோ!

ஆயினும் ரெபோவின் காலம் சுருங்கிவருகிறது. அது பெருஞ்சுமை, நெய்ய நெடுங்காலம் ஆகும். அவ்வெளியிலேயே வெள்ளைப் பருத்திக் கித்தான் கூடாரங்கள் கறுப்பைவிட மிகுதியாக நின்றன. முதியவரின் மகன் வெள்ளைக் கூடாரத்தில்தான் இருக்கிறார். தூக்க எளிது என்பது மகனின் கட்சி. கறுப்பில் கிழிந்த பட்டையை மட்டும் அவிழ்த்துப் புதிய பட்டையைத் தைத்துக்கொள்ளலாம் என்பது தந்தையின் கட்சி. என் மனம் தந்தையின் பக்கம். ஆனால் அதைச் சுமக்க வேண்டியவன் நான் அல்லன்.

முதல் இரவு வெப்பமானி −3 பாகை காட்டியது. அறுவரும் படுத்தோம். அதிகாலையில் கைவிளக்கைப் போட்டுப் பார்த்தபோது மேற்கூரையின் உட்புறம் வெள்ளைப் பனித்தூள் படிந்திருந்தது. பருத்திக் கூரை தொட்டால் சில்லென்றிருந்தது, ஆனால் நனையவில்லை. ரஜாய்களின் மேற்புறம் மட்டும், மூச்சு படும் இடத்தில், சற்றே ஈரம். “அத்தான், பெரியவர் சொன்ன மழை நமக்கு மேலேயே நின்றுவிட்டது” என்றார் மைத்துனர்.

இரண்டாம் நாள் மாலை எங்களுக்குச் சற்றுத் தொலைவில் நான்கு இளைஞர்கள் வந்து கூடாரம் அடித்தனர். ஒற்றை அடுக்கு, முழுவதும் பூச்சு நைலான். இரவு குளிர் மிகவே, திறப்புகளை எல்லாம் மூடிக்கொண்டு, எரிவாயு அடுப்பை உள்ளேயே ஏற்றி வைத்துக் குளிர் காய்ந்திருக்கின்றனர். விடியுமுன் அவர்களில் ஒருவர் தள்ளாடி வெளியே வந்து விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினோம். மற்ற மூவரும் தலைவலியும் வாந்தியுமாக எழ முடியாமல் கிடந்தனர். உள்ளே கூரையிலிருந்து நீர் கொட்டாத குறை, படுக்கைகள் ஊறிக்கிடந்தன. உயரத்தினால் வரும் மலைநோய் என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். மைத்துனரின் மனைவி அடுப்பைக் கண்டதும், “முதலில் எல்லாரையும் வெளியே இழுங்கள், பேச்சு அப்புறம்” என்றார். காற்றுக் குறைந்த இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை உமிழும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 58 விழுக்காடுதான். பிராணவாயுவும் அந்த அளவுக்கே குறைவு. எங்கள் வண்டியில் இருந்த பிராணவாயுக் குப்பியைக் கொடுத்து, எங்களுடைய உலர்ந்த ரஜாய்களால் போர்த்தி, வண்டியிலேயே ஏற்றி மருத்துவ உதவிக்கு அனுப்பினோம். நால்வரும் பிழைத்தனர் என்று மாலையில் வண்டியோட்டி வந்து சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுப் பெண்கள் அடுப்பு மூட்டினர், அதுவும் வெளியே.

தில்லியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும், மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கியவர்கள் இறந்த செய்தியைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். கூடாரத்துக்குள்ளும் அதே வாயுதான். ஆவி போகும் துணியாயிற்றே, நச்சுவாயுவும் போய்விடும் என்று எவரும் கருத வேண்டா. நெருக்கமாக நெய்த துணி வழியே காற்று மாறுவது மிகச் சிறிதளவே; நனைந்து பருத்த பின் அதுவும் இராது. அத்தனை இளக்கமாக நெய்த ரெபோவுக்கே உச்சியில் முழ அகலத் திறப்பு வைத்திருக்கின்றனர். நாம் தைக்கும் கூடாரத்திலும் மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்பும், மூட இயலாதபடி, இருக்க வேண்டும். எவ்வளவு குளிரினும் உள்ளே நெருப்பு ஆகாது. பருத்தி தீப்பற்றி எரியும். நைலான் உருகி மேலே ஒட்டும்.

எல்லா ஊருக்கும் இதே துணியைப் பரிந்துரைப்பதாகக் கொள்ளக் கூடாது. மும்பை அன்பர்கள் ஜூன் மாதத்தில் மின்மினிகளைக் காணப் பண்டர்தராவுக்குச் செல்வது உண்டு. மழைக்காலச் சஹ்யாத்ரியில் வெளிக்காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும். உள்ளேயிருக்கும் ஆவி வெளியேற இடமே இல்லை. கோர்டெக்ஸ் வாங்கினாலும் பணம்தான் போகும். பருத்தியோ மூன்று நாள் நனைந்தால் சுமை கூடி, பூஞ்சணம் பிடிக்கும். அங்கே வேண்டியது, நான்கு புறமும் திறந்த அகலமான பூச்சு நைலான் கூரையும் அதன் கீழே முழுக் கொசுவலையும். காற்றோட்டம் ஒன்றே கதி. கல்கத்தாவிலிருந்து கார்த்திகையில் சண்டக்பூ ஏறுவோர்க்கு எங்களுடைய இரட்டை அடுக்கு பொருந்தும். கட்ச் வெண்பாலையில் தை மாதத்தில் பகல் வெயில், இரவுக் குளிர், மழை இல்லை. அங்கே மேற்கூரையே வேண்டியதில்லை. தடித்த பருத்திக் கித்தான் ஒன்று போதும். மழை பெய்யும்போது பருத்திக் கூரையின் உட்புறத்தை விரலால் தொடாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். தொட்ட இடத்தில் நீர் கசியத் தொடங்கிவிடும்.

நால்வர் கூடாரத்துக்கு 58 அங்குல அகலமுள்ள கேம்பிரிக் 16 மீட்டர், மேற்கூரைக்கு அதே அகலத்தில் நைலான் 14 மீட்டர் வாங்கினால் வெட்டுச் சேதம் போகச் சரியாயிருக்கும். எங்களுடையது அறுவருக்கு; ஒன்றரைப் பங்கு வாங்கினோம். கம்பங்களுக்கு அலுமினியக் குழாய். முளைகளைக் கொல்லரிடம் சொல்லி முழ நீளத்தில் அடித்து வாங்கினோம், லடாக்கின் கல்தரையில் சிறு முளை இறங்காது. வீடு திரும்பியதும் கூடாரத்தை மாடியில் இரண்டு நாள் விரித்து, தையல் மடிப்பில்கூட ஈரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நெகிழிப் பையில் அல்லாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்திருக்கிறோம். ஆவணி, புரட்டாசியில் தில்லியின் புழுக்கம் அதற்கும் ஆகாது. மாதம் ஒருமுறை எடுத்து வெயில் காட்ட வேண்டியிருக்கிறது.